வைத்தியப் பிழையும் தலைவிதியும்

பத்து காஜாவில் ஆஸ்பத்திரியும் உண்டு, கோர்ட்டும் உண்டு. இரண்டும் வெள்ளைக்காரர் காலத்தில், இவ்வூர் கிந்தா ஜில்லாவின் தலைமை ஸ்தானமாக விளங்கிய நாளிலிருந்து இங்கே இருப்பவை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நம்மவரில் சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் வைத்தியத்தில் ஒரு பிழை நேர்ந்தால் அதன் பொருட்டுக் கோர்ட்டுக்குப் போகவும் ஒரு வழியுண்டு என்பதை நம்மவரில் பெரும்பாலோர் அறியார். வைத்தியத்துக்கும் நியாயத்துக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. அதன் ஒரு பாதியைத் தலைவிதி என்று சொல்லி நாமே கட்டிக்கொண்டோம். மற்றப் பாதியைச் சட்டம் என்று சொல்லிச் சர்க்கார் கட்டி வைத்திருக்கிறது. இந்தச் சுவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நாமறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலிற் சொல்லுகிறோம். ஆளின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டுவதில்லை. ஒருவரைச் சுட்டிப் பழிப்பது நமது நோக்கமன்று. பால்மரம் வெட்டிப் பிழைத்த ஓர் அம்மாள். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனைகளான பின், லயத்தை விட்டுத் தாமானில் மகன் வீட்டில் வந்து தங்கியவர். வெளியூர் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. புண் ஆறியது, வலி ஆறவில்லை. ஜோசியர் ஏழரை நாட்டுச் சனி என்றார். சனீசுவரனுக்கு எள் விளக்கு எரிந்தது. தைப்பூசத்துக்குப் பால்குடமும் எடுத்தாயிற்று. இப்படி நான்கு வருஷம் சென்றது. ஐந்தாம் வருஷத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர் ஒருவர், ஆபரேஷனின்போது உள்ளே மறந்து விடப்பட்ட துணிச்சுருள் ஒன்று இருப்பதைக் கண்டு சொன்னார். ஏழரை நாட்டுச் சனி என்று நம்பப்பட்டது நான்கு விரற்கடைத் துணியாக முடிந்தது!

மகன் ஈப்போவிலுள்ள ஒரு வக்கீலிடம் ஓடினான். வக்கீல் காகிதங்களிலிருந்த தேதியைப் பார்த்தார். "தம்பி, சர்க்கார் பேரில் வழக்குப் போட 36 மாதந்தான் கெடு. அது கடந்து போய்விட்டதே! முன்னமே வந்திருக்கக் கூடாதா?" என்றார். "அம்மா வயிற்றிலே துணி இருப்பது எங்களுக்கே போன மாசந்தானே சார் தெரியும்?" என்று கேட்டான் பையன். வக்கீல் அதற்கு விடை சொல்லவில்லை. அவர் கையிலிருந்த சட்டப் புத்தகத்திலும் அதற்கு விடையில்லை.

முதலில் நமது பாதிச் சுவரைப் பார்ப்போம். தோட்டத்திலே நம் பாட்டன்மார் கண்ட வைத்தியம் எத்தகையது? டிரசர் கொடுத்த மருந்தைக் குடிக்க வேண்டும். என்ன மருந்து என்று கேட்கக் கூடாது. டிரசருக்குச் சம்பளம் கொடுத்தவர் துரை. நோயாளிக்குக் கூலி கொடுத்தவரும் துரை. குடியிருந்த லயமும் துரையினுடையது. ஆதலால் வைத்தியத்தில் குறை சொல்வது துரையைக் குறை சொல்வதாயிற்று. துரையைக் குறை சொன்னவனுக்கு மறுநாள் வேலையும் இல்லை, கூரையும் இல்லை. வாய் திறக்க முடியாதவனுக்கு ஆறுதலாக வந்து வாய்த்ததே தலைவிதி. இன்று துரையும் இல்லை; லயமும் இல்லை. தலைவிதி மட்டும் மூட்டையோடு மூட்டையாக நம்முடன் தாமானுக்குக் குடி வந்துவிட்டது!

பத்து காஜாவுக்கு அருகே கெல்லி துரையின் மாளிகை முடியாமல் நிற்பதைக் காண இன்று பிரயாணிகள் வருகின்றனர். அதைக் கட்ட வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் விஷக் காய்ச்சலில் மாண்டனர் என்பதும், பின்னர் அவர்களுக்காக மாரியம்மன் கோவில் எழுந்தது என்பதும் அவ்விடத்தின் வரலாறு. அந்தக் காய்ச்சலுக்கு அன்று உலகத்தில் எந்த டாக்டரிடமும் தகுந்த மருந்து கிடையாது. மருந்தில்லாத நாளில் தெய்வத்தைக் கூப்பிட்டவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் மருந்தும், கருவியும், கணக்கும், சட்டமும் உள்ள நாளில், மனிதன் செய்த பிழையைத் தெய்வத்தின் தலையில் ஏற்றுவது பக்தியாகாது. அது பிழை செய்தவனுக்குக் கூலியில்லாமல் வக்கீல் வேலை பார்ப்பதேயாகும்.

"ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கிறார்களே, அவர்கள் பேரிலா பிராது?" என்று நம்மில் சிலர் கேட்கின்றனர். அந்த ஒரு வெள்ளி போக மீதிப் பணம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? நாட்டு மக்கள் செலுத்தும் வரியே அன்றோ அது? வைத்தியம் பிச்சையானால் குறை சொல்லக் கூடாது. உரிமையானால் குறை சொல்லியே தீரவேண்டும்.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நோயாளி பிழைக்காமற் போனால் உடனே டாக்டர் குற்றவாளி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அத்தொழிலைச் செய்யும் தேர்ந்த மனிதர் காட்ட வேண்டிய ஜாக்கிரதையைக் காட்டினாரா என்பதே கேள்வி. 1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முடிவான போலம் வழக்கிலே, பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் அவ்வாறே செய்வார்களானால் அது அஜாக்கிரதை ஆகாது என்று விதிக்கப்பட்டது. டாக்டரை அளக்கும் கோலை டாக்டர்கள் கையிலேயே கொடுத்த விதி இது. ஆயினும் இதற்குள்ளேயும் நியாயம் கிடைத்ததுண்டு. 1960இல் கோலாலம்பூரில் ஆயா வேலை பார்த்த ஒரு சீன மாதுக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. சற்று நேரத்தில் அவர் இறந்தார். பெனிசிலின் அவருக்கு ஆகாது என்று பழைய சீட்டிலே முன்னமே எழுதப்பட்டிருந்தது. ஊசி போட்டவர் சீட்டையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இறந்தவரின் தாயார் சின் கியோ சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தார். முதற் கோர்ட்டில் வென்றார். மேல் கோர்ட்டில் தோற்றார். 1967இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் மறுபடியும் வென்றார். "உங்களுக்கு எந்த மருந்தாவது ஆகாதா?" என்ற ஒரு கேள்வியின் விலை ஓர் உயிர் என்பதை அத்தீர்ப்பு நாட்டுக்குச் சொல்லிற்று.

பூ பியோ நா என்ற மாது 1982இல் மோட்டார் விபத்தில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றார். சிகிச்சைக்குப் பின் கைகால் அசைவற்றுப் போனார். 1999இல் உயர்நீதிமன்றத்தில் ஜெயம். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. 2006 டிசம்பர் 29ஆந் தேதி கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவான ஜெயம். சிகிச்சையிலுள்ள முக்கியமான அபாயத்தை நோயாளிக்கு எடுத்துரைப்பது டாக்டரின் கடமை என்றும், எது முக்கியம் என்பதை டாக்டர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது, கோர்ட்டே தீர்மானிக்கும் என்றும் அப்போது ஏற்பட்டது. 2017இல் அதே நீதிமன்றம், அபாயத்தை எடுத்துரைக்கும் கடமைக்கு இந்த விதி, நோயறிவதற்கும் சிகிச்சைக்கும் பழைய போலம் விதி என்று வகுத்து வைத்தது. விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையில் 24 வருஷம்! இவ்வளவு காலம் படுக்கையில் கிடந்துகொண்டு வழக்காட எத்தனை ஏழைகளால் ஆகும்?

ஆனால் இப்படித் தாமதமாகவேனும் நியாயம் பெற வேண்டுமானால் முதலில் கோர்ட்டு வாசலுக்குள் நுழைய வேண்டுமே! அங்கேதான் சர்க்கார் கட்டிய பாதிச் சுவர் நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில், தனியார் ஆஸ்பத்திரியில் நேர்ந்த அஜாக்கிரதைக்கு 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 6 வருஷத்துக்குள் வழக்கிடலாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நேர்ந்ததானால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதமே கெடு. காசுள்ளவன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவனுக்கு 6 வருஷம். காசில்லாதவன் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவனுக்கு அதில் பாதி. இருவர் வயிறும் ஒரே விதமான வயிறு. இருவர் வயிற்றிலும் விடப்பட்டது ஒரே விதமான துணி. இந்தப் பாதுகாப்பு முறையை உலகுக்குக் கற்றுக் கொடுத்த இங்கிலாந்தே தன்னுடைய 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை 1954இல் நீக்கிவிட்டது. எஜமானன் குப்பையில் எறிந்த சட்டையை நாம் இன்னும் தோய்த்து உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதனினும் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. மறைந்து கிடந்த சேதம் பின்னால் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்கிடலாம் என்று 2018ஆம் ஆண்டில் காலவரம்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. நல்லதுதானே என்று மகிழ்ந்து படித்துப் பார்த்தால், உடற்காயம் சம்பந்தமில்லாத வழக்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று கண்டிருக்கிறது! வீட்டுச் சுவரில் மறைந்திருந்த வெடிப்பு பிறகு தெரிந்தால் சட்டம் இரங்கும். வயிற்றுக்குள் மறைந்திருந்த துணி பிறகு தெரிந்தால் சட்டம் இரங்காது. செங்கல்லுக்குக் காட்டும் கருணையை மனித மாமிசத்துக்குக் காட்டக் கூடாதா? இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்கும் அறிந்த நாளிலிருந்து கணக்கு உண்டு. ஜோகூர்ப் பாலத்துக்கு அப்புறமுள்ள சிங்கப்பூரிலும் உண்டு. பாலத்துக்கு இப்புறம் மட்டும் மனித உடல் வேறா?

இனி வக்கீல்களைப் பற்றி. வாகன விபத்தில் கால் ஒடிந்தவனைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கே தரகர் வந்து நிற்பதைக் காண்கிறோம். வைத்தியப் பிழையால் கால் இழந்தவனைத் தேடி எந்தத் தரகரும் வருவதில்லை. காரணம் கருணைக் குறைவு மட்டுமன்று, கணக்கும் ஆகும். விபத்து வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. வழக்கு முடியும் பாதையும் தேய்ந்த பாதை. வைத்திய வழக்கில் ஒரு டாக்டரின் பிழையை மற்றொரு டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அச்சாட்சியைத் தேடுவது கடினம். கிடைத்தால் அறிக்கைக்கு முன்பணம் வேண்டும். வெற்றி பெற்றால் மட்டும் கூலி என்று பேசிக்கொள்ள 1976ஆம் ஆண்டு வக்கீல் தொழில் சட்டம் இடந்தருவதில்லை. வக்கீல் வழக்கில் பங்குதாரராகக் கூடாது என்ற அந்த விதியின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஏழைக்கு ஒரு கதவை அடைத்தால் வேறொரு கதவைத் திறந்து வைப்பதன்றோ நீதி? இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் வைத்தியத்தை நுகர்வோர் மன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. நமது 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ வைத்திய சேவையைப் பெயர் சொல்லியே வெளியே தள்ளிவிட்டது. ஓடாத தையல் இயந்திரத்துக்கு நுகர்வோர் நியாய மன்றம் உண்டு. ஓடாமல் நின்றுவிட்ட இருதயத்துக்கு இல்லை.

இத்துறையில் உண்மையாய் உழைத்து, வருஷக்கணக்கில் காத்து, ஊமைகளுக்கு வாயாக நின்ற வக்கீல்களும் இந்நாட்டில் உண்டு. அவர்களாலேயே மேற்சொன்ன தீர்ப்புகள் பிறந்தன. தனியார் ஆஸ்பத்திரி தன் கடமையை, 'அவர் எங்கள் சிப்பந்தி அல்லர்' என்று டாக்டர் தலையில் தள்ளித் தப்ப முடியாது என்று 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதும் அத்தகையோரின் உழைப்பினாலேயாம். நாம் குறை சொல்வது மற்றவர்களை. மேடையில் சமூகம், சமூகம் என்று முழங்கி மாலை வாங்கிக்கொண்டு, அந்தச் சமூகத்துக் கிழவி ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு படியேறினால் பத்து நிமிஷம் படித்துப் பார்க்கவும் பொழுதில்லை என்பவர்களை.

டாக்டர்களின் ஆட்சேபம் ஒன்று பாக்கியிருக்கிறது. "வழக்குப் பயம் வந்தால் கஷ்டமான நோயாளியைத் தொடவே அஞ்சுவோம், ஓய்வில்லாமல் உழைக்கும் எங்களுக்கு இதுவா பரிசு?" என்கின்றனர். உழைப்பு மெய், அதை மதிக்கிறோம். ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரி வழக்கில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி சிப்பந்தியின் தவறுக்குச் சர்க்காரே பொறுப்பேற்கிறது. நஷ்டஈடு கஜானாவிலிருந்து வருகிறது. இரவு பகலாக விழித்த இளம் டாக்டரின் கை தவறினால், அத்தனை மணி நேரம் விழிக்க வைத்தவர் யார் என்ற கேள்வியும் வழக்கினாலேயே வெளிவரும். ஆதலால் கேள்வி நல்ல டாக்டருக்குப் பகையன்று, துணையேயாம். இவ்வூருக்கு அடுத்த பாப்பானில் சிபில் கார்த்திகேசு அம்மையார் ஜப்பானியர் காலத்தில் மறைந்து வந்தவர்களுக்கும் வைத்தியம் பார்த்துச் சித்திரவதைப்பட்டு, பத்து காஜாச் சிறையிலும் கிடந்தார். நோயாளியின் நம்பிக்கையை உயிரினும் பெரிதாக மதித்த அத்தகையவருடைய தொழிலுக்கு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது அவமானம் என்பது பொருந்துமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. 36 மாதக் கெடுவை நீக்கி, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் ஒரே கணக்கு வைக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை உடற்காயத்துக்கும் விரிக்க வேண்டும். ஏழையின் வழக்கில் டாக்டர் அறிக்கைக்கான செலவைச் சட்ட உதவி நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் நம் வாசலுக்கு வருகிறவர்களிடம் கோவில் மண்டபத்துக்கும் பந்தலுக்கும் மானியம் கேட்கிறோமே, இந்த மூன்றை ஒரு தடவை கேட்டதுண்டா?

சட்டம் மாறும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்யப் போகிறார்கள், அதில் என்ன அபாயம் என்று கேளுங்கள். கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள். ஆகாத மருந்தை எழுதி வைத்துக் காட்டுங்கள். தேதி, டாக்டர், மருந்து, வலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். சந்தேகம் வந்தால் வைத்திய அறிக்கையை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பிறகு ஜோசியரிடம் போக விரும்புகிறவர் போகட்டும். ஆனால் வக்கீலிடம் முதலில் போகட்டும். ஜோசியர் சொல்லும் ஏழரை வருஷம் காத்திருக்கும். சட்டம் சொல்லும் 36 மாதம் காத்திராது.