விளையாட்டுக் கணக்கிலும் ‘ஜேப்படி’! பெற்றோர்களே, உஷார்!

சென்னை பாங்கி வாசல்களில் ஒரு பழைய வித்தை உண்டு.

பணம் எடுத்துக்கொண்டு ஒருவர் வெளியே வருவார். பையை ஸ்கூட்டரில் மாட்டுவார். பக்கத்தில் ஒரு ஆசாமி வந்து, “சார்... உங்க பணம் கீழே கிடக்குது!” என்பான். குனிந்து பார்த்தால் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், பை இருக்காது. ஆசாமியும் இருக்க மாட்டான்!

போலீசார் எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டார்கள். ஏமாறுகிறவர்கள் இன்னும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே வித்தை இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்து ரூபாய் நோட்டுக்குப் பதில் ஒரு ஈமெயில். ஸ்கூட்டர் பைக்குப் பதில், பையன் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளையாடும் விளையாட்டுக் கணக்கு!

“24 மணி நேரம்தான்!”

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். ஒரு ஈமெயில் வந்திருக்கிறது.

“உங்கள் கணக்கில் சந்தேகமான நடமாட்டம் தெரிகிறது. 24 மணி நேரத்தில் சரிபார்க்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். கீழே உள்ள நீல எழுத்தைத் தட்டவும்.”

மேலே கம்பெனியின் சின்னம் அச்சு அசலாக இருக்கிறது. பையனுக்குப் பகீர் என்கிறது. வருஷக்கணக்கில் ஆடிச் சேர்த்தது எல்லாம் போய்விடுமே! அவசரமாகத் தட்டுகிறான். திறக்கும் பக்கமும் அசல் மாதிரியே இருக்கிறது. பெயர் கேட்கிறது, கொடுக்கிறான். பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுக்கிறான். செல்போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்கிறது, அதையும் கொடுக்கிறான்.

முடிந்தது கதை! சில நிமிஷத்தில் பாஸ்வேர்டு மாறிவிடும். பையன் தன் கணக்குக்குள் தானே போக முடியாது.

பயம் காட்டி எடுபடாத இடத்தில் ஆசை காட்டுவார்கள். “இலவசப் பரிசு”, “புது விளையாட்டை மற்றவர்களுக்கு முன்னால் ஆடிப் பார்க்க அழைப்பு” என்று வரும். வலை ஒன்றுதான். இரைதான் வேறு.

“ஆட்டம்தானே?”

“போனால் போகட்டும், வெறும் ஆட்டம்தானே!” என்று அப்பாக்கள் சொல்லலாம். அங்கேதான் தப்பு.

இது பணம் கட்டி ஆடும் ரம்மி பற்றிய பேச்சு அல்ல. காசு கொடுத்து வாங்கிய சாதாரண விளையாட்டுகள் பற்றிய பேச்சு. ‘கவுண்டர் ஸ்டிரைக்’ போன்ற ஆட்டத்தில் துப்பாக்கிக்குப் போடும் வண்ண உறைகள்கூட நிஜப் பணத்துக்குக் கைமாறுகின்றன. சில உறைகள் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகின்றன. பல கணக்குகளில் அப்பாவின் பாங்கி கார்டும் சேர்ந்தே இருக்கும். அதே பாஸ்வேர்டை ஈமெயிலுக்கும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சாவியில் வீடே திறந்துவிடும்!

மாதம் 77 ஆயிரம்

இது நேற்று முளைத்த மோசடி அல்ல. 1990-களில் அமெரிக்காவில் ‘அமெரிக்கா ஆன்லைன்’ கம்பெனியின் வாடிக்கையாளர்களிடம், கம்பெனி ஊழியர் போல நடித்துப் பாஸ்வேர்டு கறந்தார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற கதை என்பதால் ‘ஃபிஷிங்’ என்று பெயர் விழுந்தது.

2004-ல் வந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் சேர்த்த தங்கத்துக்கு வெளிச் சந்தையில் விலை கிடைத்தது. திருடர்கள் விடுவார்களா? “உங்கள் கணக்கை விற்க முயற்சி செய்கிறீர்கள் என்று தெரிய வந்திருக்கிறது. விசாரணை நடக்கிறது. உடனே சரிபாருங்கள்” என்று கம்பெனி பெயரில் ஈமெயில் பறந்தது. குற்றமே செய்யாதவன் பதறிப்போய்ப் பாஸ்வேர்டைக் கொடுத்தான். 2008-ல் அந்தப் பிளிசார்டு கம்பெனி, ஒவ்வொரு முறையும் புது ரகசிய எண் காட்டும் சின்னக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடுத்தது ‘ஸ்டீம்’. கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் பெரிய கடை இது. நடத்துவது அமெரிக்காவின் வால்வ் கம்பெனி. 2015 டிசம்பரில் அந்தக் கம்பெனியே வாய் திறந்து சொன்னது: மாதம் சுமார் 77 ஆயிரம் கணக்குகள் பறிபோகின்றன!

பறிகொடுத்தவர்கள் எல்லாம் விவரம் தெரியாத புது ஆட்கள் அல்ல. பந்தயங்களில் ஆடும் கில்லாடி ஆட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள் என்று அந்தக் கம்பெனி ஒளிக்காமல் சொன்னது. திருடிய பொருளைக் கைக்குக் கை மாற்றி, கடைசியில் ஒன்றும் அறியாத அப்பாவியிடம் விற்றுவிடுவார்கள். அவரிடமிருந்து பிடுங்கவும் முடியாது. திருட்டு நகை வியாபாரம் மாதிரியேதான்!

அடையாளம் என்ன?

போலி ஈமெயிலுக்குச் சில அடையாளங்கள் உண்டு.

அவசரம் முதல் அடையாளம். “இன்றே”, “உடனே”, “கடைசி எச்சரிக்கை” என்று விரட்டினால் சந்தேகப்பட வேண்டும். யோசிக்க நேரம் கொடுத்தால் திருடனின் பிழைப்பு நடக்காது.

“அன்புள்ள ஆட்டக்காரரே” என்று பொதுவாக அழைப்பது இரண்டாவது. கணக்கின் பெயர் அதில் இருக்காது.

மூன்றாவது முகவரி. இதில்தான் பலே வேலை நடக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டிப் போட்டால் ‘எம்’ மாதிரியே தெரியும். ‘எல்’ எழுத்துக்குப் பதில் 1 போட்டாலும் கண்ணில் படாது. அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவதை நம்பவே கூடாது. அங்கே யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருந்தால், அசல் பக்கத்தில் அது தானாகவே வந்து நிற்கும். போலிப் பக்கத்தில் வராது. கண் ஏமாறும், கம்ப்யூட்டர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கும். வழக்கமாக வருவது வரவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

இத்தனையும் ஞாபகம் இல்லாவிட்டால் ஒன்றே ஒன்று போதும். ஈமெயிலில் உள்ள வழியாகப் போகாதே! வழக்கமாகத் திறக்கிற மாதிரி விளையாட்டைத் தனியாகத் திறந்து பார். நிஜமாகவே பிரச்சினை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரியும். பாஸ்வேர்டையோ ரகசிய எண்ணையோ எந்தக் கம்பெனி ஊழியரும் கேட்க மாட்டார். கேட்டால் அவன் ஊழியன் அல்ல, திருடன்.

பாஸ்வேர்டோடு செல்போன் எண்ணும் கேட்கும் இரட்டைப் பூட்டை அவசியம் போட வேண்டும். ஆனால் பூட்டை மாட்டிவிட்டு இரண்டு சாவியையும் திருடன் கையில் கொடுத்தால், பூட்டு என்ன செய்யும்?

பறிபோய்விட்டால்...

முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். விளையாட்டின் பாஸ்வேர்டு அதற்கு அப்புறம். ஈமெயில் திருடன் கையில் இருந்தால், எத்தனை தடவை மாற்றினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். விளையாட்டு வாங்கிய ரசீது இருந்தால் சொந்தக்காரர் என்று நிரூபிக்க உதவும். கார்டு சேர்த்திருந்தால் பாங்கிக்கு உடனே சொல்லி நிறுத்த வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

திட்டு விழுமே!

இத்தனையும் செய்வதற்குப் பையன் வாயைத் திறக்க வேண்டும். அவன் திறப்பதில்லை!

“படிக்கிற நேரத்துல ஆட்டம் என்ன வேண்டிக் கிடக்கு? நல்லா வேணும் உனக்கு!” என்று அப்பா கத்துவார். அம்மா செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார். இது பையனுக்குத் தெரியும். அதனால் மென்று முழுங்குகிறான். ஒரு நாள், இரண்டு நாள் ஓடிவிடுகிறது. பாங்கியிலிருந்து தகவல் வரும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது.

அந்த இரண்டு நாள்தான் திருடனுக்குக் கொள்ளை லாபம். முதல் உதவி பையனின் அவசரம். இரண்டாவது உதவி, அப்பாவின் கோபம்!

ஆட்டத்துக்கு நேரம் குறிப்பது பெற்றோரின் உரிமை. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். “அப்பா, ஏமாந்துட்டேன்” என்று பையன் வந்து நிற்கிற நேரத்தில் திட்டக் கூடாது. பாங்கி வாசலில் பையைப் பறிகொடுத்த பெரியவரை யாராவது அடிக்கிறார்களா? சோடா வாங்கிக் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தப் பரிவில் பாதியாவது சொந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

பள்ளிக்கூடங்களும் போலீசாரும் இதில் சேர வேண்டும். காலைக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு போலி ஈமெயிலைப் படம் போட்டுக் காட்டினால் போதும். ஒரு தடவை பார்த்தவன் சுலபத்தில் ஏமாற மாட்டான்.

இன்று இரவு சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்.”

சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்!