ஒரு படம் கோவையாகுமா?
விளையாட்டு ஒளிப்பட மதிப்பீடு பற்றிச் சில மறுப்புகள்

தமிழிலே கவிதைக்கும் நாவலுக்கும் நாடகத்துக்கும் திறனாய்வு மரபொன்று உண்டு. அதன் முடிவுகளோடு உடன்படாதோரும் அது எழுப்பும் வினாக்களை மதிப்பர். ஒரு கவிஞனின் தொகுதியைக் கையிலெடுத்து, அதிலே ஒரேயொரு வரியை மட்டும் படித்துவிட்டு, ‘இவன் சிறந்த கவிஞன்’ என எவரேனும் தீர்ப்புக் கூறின் அவரைத் திறனாய்வாளர் என எவரும் ஏற்றுக்கொள்ளார். ஆனால் ஒளிப்படத்துறையில், அதிலும் குறிப்பாக விளையாட்டு ஒளிப்படத்துறையில், இதுவே வழமையாகிவிட்டது. பன்னிரண்டோ இருபதோ படங்கள் கொண்ட கோவையொன்று நடுவர்முன் வைக்கப்படுகிறது. தாள்கள் விரைவாகப் புரட்டப்படுகின்றன. வலைக்கு மேலே எழுந்து பந்தை அறையும் கையொன்று கண்ணிற் படுகிறது, வியப்பொலி எழுகிறது, அத்தோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. ஏனைய படங்கள் யாவும் அந்த ஒற்றைப் படத்துக்குப் பல்லக்குத் தூக்கிகளாக மாறிவிடுகின்றன.

இவ்வழமைக்குப் பின்னால் எழுதாத சட்டக்கோவை ஒன்றும் உண்டு. பந்து சட்டகத்துள் இருத்தல் வேண்டும்; முகம் தெரிதல் வேண்டும்; கண்கள் கூர்மையாகக் குவிந்திருத்தல் வேண்டும்; பின்னணி துப்புரவாக இருத்தல் வேண்டும்; செயல் அதன் உச்சத்திலே நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். இவை வெறும் மூடநம்பிக்கைகள் அல்ல. மலிவான தாளில் இரண்டு பத்தி அகலத்தில் அச்சாகும் பத்திரிகைப் படமொன்று வாசகனுக்கு ஒரு நொடியிற் புரிய வேண்டுமெனின் இவை வேண்டியனவே. பந்தில்லாத உதைபந்தாட்டப் படத்தைத் திருப்பியனுப்பிய பத்திரிகை ஆசிரியன் தன் தொழிலை அறிந்தவன்தான். ஆயினும் இவை தொழிலின் இலக்கணம் மட்டுமே. எழுத்துப்பிழை இல்லாமையைக் கவித்துவம் என எவரும் மயங்குவதில்லை. ஒளிப்படத்திலே அந்த மயக்கம் கேள்வியின்றி நிலவுகிறது.

உச்சக்கணம் என்னும் இக்கோட்பாட்டுக்கு ஆதாரமாக ஹென்றி காத்தியே-பிறெசோனின் பெயர் அடிக்கடி இழுக்கப்படுகிறது. 1952 இல் வெளிவந்த அவரது நூலின் ஆங்கிலப் பதிப்பு ‘தீர்க்கமான கணம்’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி வந்தது உண்மையே. ஆனால் பிரெஞ்சு மூலத்தின் தலைப்போ அவசர அவசரமாக, மறைவாகப் பறித்தெடுத்த படங்கள் என்ற பொருளைத் தருவது. ஒரு மொழியின் தலைப்பு உலகெங்கும் வேதவாக்காயிற்று, மற்றையது மறக்கப்பட்டது. அத்தலைப்பின் கீழும் அவர் தந்தது ஒரு படமன்று, ஒரு நூல் என்பதையாவது அவரது பக்தர்கள் மனங்கொள்ளுதல் நன்று.

ஒற்றைப் படத்தை வைத்துக் கலைஞனை மதிப்பிட முடியாது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, உலகின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டுப் படத்திலேயே உண்டு. 1965 மே 25 ஆம் நாள் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள லூயிஸ்ரன் நகரில் சொனி லிஸ்ரன் முதற் சுற்றிலேயே வீழ்ந்தார். அவருக்கு மேலே நின்று கையை மடக்கிக் கர்ச்சிக்கும் முகமது அலியை நீல் லைஃபர் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் படம்பிடித்தார். அப்படத்தை ஊன்றிப் பார்ப்போர் அலியின் கால்களுக்கிடையே, மேடையின் எதிர்ப்புறத்தில், இன்னொரு ஒளிப்படக் கலைஞரைக் காணலாம். அவர் லைஃபரின் அதே சஞ்சிகையைச் சேர்ந்த மூத்தவரான ஹேர்ப் ஷாஃப்மன். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அன்றைய வேறுபாட்டை உண்டாக்கியது இருக்கையின் திசை. லிஸ்ரன் மறுபக்கம் விழுந்திருப்பின் வரலாறு ஷாஃப்மனைப் போற்றியிருக்கும். லைஃபர் முதுகைப் படம்பிடித்திருப்பார்.

அப்படியாயின் லைஃபர் வெறும் அதிர்ஷ்டசாலியா? அல்லர். ஆனால் அதை நிறுவுவது அந்தப் படமன்று. 1966 நவம்பர் 14 இல் ஹியூஸ்ரன் நகரின் கூரையிட்ட அரங்கிலே அலி கிளீவ்லண்ட் வில்லியம்ஸை வீழ்த்தியபோது லைஃபரின் கமராவொன்று மேடைக்கு நேர் மேலே, விளக்குச் சட்டத்திலே, முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது. வெண்தரையின் சதுரத்திலே ஒருவர் மல்லாந்து கிடக்க, மற்றவர் கைகளை உயர்த்தியபடி விலகிச் செல்லும் அப்படம் திட்டமிடலின் விளைவு. மேடையின் வடிவத்தையும் கூரையின் உயரத்தையும் ஒளியின் அளவையும் கணித்தவனுக்கே அது கிடைக்கும். முதலாவது படம் வாய்ப்பைத் தவறவிடாத கையைக் காட்டுகிறது. இரண்டாவது வாய்ப்பை உருவாக்கும் மூளையைக் காட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைக்கும்போதே லைஃபர் என்னும் கலைஞன் புலப்படுகிறான். கோவை என்பதன் நியாயமே இதுதான்.

இக்கருத்தை இன்னும் ஆழமாக நோக்குவதற்கு 1968 இன் மெக்சிக்கோ ஒலிம்பிக் விழா இடந்தருகிறது. ஒக்ரோபர் 18 ஆம் நாள் பொப் பீமன் நீளம் பாய்தலில் 8.90 மீற்றர் பாய்ந்தார். முந்திய சாதனை 8.35 மீற்றர். அளப்பதற்கென நிறுவப்பட்ட ஒளியியற் கருவியின் எல்லையையும் அவர் கடந்துவிட்டமையால் உருக்கு நாடாவைக் கொண்டுவந்து அளந்தனர். வாய் திறந்து, கண்கள் விரிந்து, கைகால்கள் முன்னோக்கி நீள, அந்தரத்திலே மிதக்கும் பீமனின் படத்தை எடுத்தவர் ரொனி டஃபி. அவர் அவ்வேளை தொழில்முறைக் கலைஞரல்லர். விடுமுறையில் விழாவைக் காணச் சென்ற ஆங்கிலேயக் கணக்காளர். (பிற்காலத்தில் ஓல்ஸ்போட் என்ற பெரும் விளையாட்டுப்பட நிறுவனத்தை அவரே தொடங்கினார்.) மேற்கூறிய எழுதாச் சட்டக்கோவையின்படி இப்படத்துக்கு முழுப் புள்ளிகளையும் வழங்கலாம்.

அதற்கு இரண்டு நாள் முன்னர், அதே அரங்கிலே, 200 மீற்றர் ஓட்டத்தின் பதக்கமளிப்பின்போது ‘லைஃப்’ சஞ்சிகையின் ஜோன் டொமினிஸ் எடுத்த படத்தில் எவரும் ஓடவில்லை, பாயவில்லை. மூவர் நிற்கின்றனர். ரொமி சிமித்தும் ஜோன் கார்லோசும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கைகளை உயர்த்தியுள்ளனர். உச்சச் செயலைத் தேடும் நடுவர் இதனை ‘சடங்குப் படம்’ என ஒதுக்கிவிடுவார். அவ்விழாவின் எந்தப் பாய்ச்சலையும்விட இந்த அசையா நிலையே உலகை அசைத்தது என்பதை அவரது அளவுகோல் எவ்விடத்திலும் பதிவு செய்யாது.

மூன்றாவது மனிதர் பற்றியும் கூறவேண்டும். இரண்டாமிடத்தில் நின்ற அவுஸ்திரேலியரான பீற்றர் நோர்மனின் மார்பிலும் மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் சின்னம் உண்டு. அவர் அன்று ஓடிய 20.06 செக்கன் 2024 டிசெம்பர் வரை அவுஸ்திரேலியச் சாதனையாக நின்றது. 2006 இல் அவர் மறைந்தபோது சிமித்தும் கார்லோசும் அவரது பேழையைச் சுமந்தனர். அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியதோ 2012 இல். ‘இறுக்கமாக வெட்டுக’ என்பது விளையாட்டுப்பட ஆசான்களின் நிலையான உபதேசம். அதன்படி இரு கைமுட்டிகளை மட்டும் வைத்து வெட்டினால் நோர்மன் போய்விடுவார். அவரோடு அந்தப் படத்தின் பாதிப் பொருளும் போய்விடும்.

இனி, டஃபியின் படத்தையும் டொமினிசின் படத்தையும் ஒரே கோவையிலே கற்பனை செய்து பார்க்க. தனது பதக்கத்தைப் பெறச் சென்றபோது பீமனும் கறுப்புக் காலுறைகளை வெளித்தெரிய நின்றார் என்பது அறியப்பட்ட செய்தி. அந்தரத்தில் மிதந்த உடலும் மேடையில் நின்ற உடலும் ஒரே மனிதனுடையவை. பாய்ச்சலை மட்டும் காட்டும் கோவை அவனைத் தசைநார்த் தொகுதியாகக் காட்டுகிறது. மேடையை மட்டும் காட்டுவது அவனைப் பதாகையாக்குகிறது. ஒரு படம் அடுத்த படத்தைத் திருத்தவும் மறுக்கவும் நிறைவாக்கவும் வல்லது என்ற உணர்வு கோவையைத் தொகுத்தவனுக்கு இருக்கிறதா என்பதே மதிப்பீட்டின் முதல் வினாவாதல் வேண்டும். கோவையின் பலமும் பலவீனமும் படங்களுக்கு உள்ளே இருக்கும் அளவுக்கு அவற்றின் இடைவெளிகளிலும் உண்டு.

கலைஞனின் பழக்கதோஷங்களும் கோவையிலேதான் பிடிபடும். ஆடவர் படங்கள் யாவும் செயலாகவும் பெண்கள் படங்கள் யாவும் கூந்தலும் கண்ணீரும் தோற்றமுமாகவும் அமைந்த கோவையொன்றில் எந்தத் தனிப்படத்தையும் குற்றஞ்சாட்ட முடியாது. தொகுத்துப் பார்க்கையிலேயே குற்றம் தெரியும். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் ஒளிபரப்பை நடத்தியோர், பெண் வீரர்களை ஆண்களைப் போன்றே படம்பிடிக்குமாறு தமது படப்பிடிப்பாளருக்கு அறிவுறுத்த வேண்டியேற்பட்டது. ஒளிபரப்புக்காரர் விளங்கிக்கொண்டதைக் கண்காட்சி நடுவர்கள் விளங்கிக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டு செல்லும்?

‘துப்புரவான பின்னணி’ என்னும் விதி இவை யாவற்றிலும் ஆபத்தானது. ஏனெனில் அது தீங்கற்றதுபோலத் தோன்றுகிறது. 1936 இன் பேர்லின் ஒலிம்பிக் விழாவில் லெனி ரீபென்ஸ்ரால் குழிகள் தோண்டிக் கமராக்களைத் தாழ வைத்தார். உடல்கள் வானத்தின் பின்னணியிலே தெய்வச் சிலைகளாக எழுந்தன. 1937 இல் வெளிவந்த அவரது ஒளிப்பட நூலும் 1938 இல் வெளிவந்த ‘ஒலிம்பியா’ திரைப்படமும் தொழில்நுட்பத்தில் இன்றும் பாடமாகத்தக்கன என்பதை மறுப்பது பேதைமை. ஆனால் அந்த வானம் எந்நாட்டு வானம்? அதன் கீழே எவ்வாட்சி நடந்தது? சட்டகம் அதனைச் சொல்லாது. 1975 இல் சூசன் சொன்ராக் எழுதிய கட்டுரை, ரீபென்ஸ்ராலின் அழகியல் அவரது பிற்காலப் படைப்புகளிலும் பாசிசத்தின் தொடர்ச்சியாகவே நிலவியது என வாதிட்டது. இன்று குழி தோண்ட வேண்டியதில்லை. அகன்ற துளை கொண்ட நீள்வில்லை பார்வையாளரையும் மரங்களையும் மதிலையும் கரைத்து வண்ணப்பூச்சாக்கிவிடுகிறது. கொழும்பில் எடுத்த படமும் லாகோசில் எடுத்த படமும் இலண்டனில் எடுத்த படமும் ஒன்றுபோலாகிவிடுகின்றன. பின்னணி துப்புரவாகும்போது ஊரும் சேர்ந்து துடைக்கப்படுகிறது. வெறுங்காலோடு ஓடும் பாடசாலை மாணவியின் பின்னே கயிறு கட்டிய வேலியும் சுண்ணாம்புக் கோடும் அதிபரின் குடையும் இருப்பின் அவை குறைகளல்ல, அப்படத்தின் முகவரி.

அந்த வில்லையின் விலையையும் பேசாமல் விடமுடியாது. 2021 இல் கனொன் நிறுவனம் வெளியிட்ட 400 மில்லிமீற்றர் வில்லையின் அறிமுக விலை பன்னிரண்டாயிரம் அமெரிக்க டொலருக்கு ஒரு டொலர் குறைவு. 2024 இல் விற்பனைக்கு வந்த சொனி கமராவொன்று செக்கனுக்கு 120 படங்களை எடுக்கிறது. இத்தகைய கருவியுடையோனுக்கு உச்சக்கணம் கண்டுபிடிப்பன்று. பின்னர் அமர்ந்து பொறுக்கியெடுக்கும் வேலை. எனவே கூர்மைக்கும் உச்சத்துக்கும் அள்ளிக்கொடுக்கப்படும் புள்ளிகள் பெருமளவுக்கு மூலதனத்துக்கே கொடுக்கப்படுகின்றன. இரவல் கமராவோடு மைதான ஓரத்தில் நிற்கும் மாணவன் அப்பந்தயத்தில் தொடக்கக்கோட்டுக்கே வரமுடியாதவன். டஃபி பார்வையாளர் மத்தியிலிருந்து எடுத்தாரே என வாதிடுவோர், அது நடந்தது 1968 இல் என்பதையும், இன்று அரங்குகளில் நல்லிடங்கள் அனுமதியட்டையோடு பிணைந்தவை என்பதையும் எண்ணிப் பார்ப்பராக.

மறுமுனையில் நிற்போருக்கும் ஒரு வார்த்தை. பொருள் முற்போக்காக இருந்தாற் போதும், படம் மங்கலாக இருப்பினும் வாழ்த்தலாம் என்போர் உளர். கலைக்கு அவர்கள் செய்வது உதவியன்று. டொமினிசின் படம் வாழ்வதற்கு அதன் பொருள் மட்டும் காரணமன்று. மூன்று உடல்களும் இரு கரங்களும் அச்சட்டகத்துள் தெளிவாக அமைந்தமையும் காரணம். கையுயர்த்திய படமெல்லாம் போராட்டப் படமாகிவிடாது.

படக்குறிப்புப் பற்றியே நடுவர்கள் மிகக் குறைவாகச் சிந்திக்கின்றனர். துடுப்பாட்ட உலகின் தெய்வப்படம் ஒன்றுண்டு: மட்டையை உயர ஓங்கியபடி முன்னோக்கித் தாவும் விக்ரர் றம்பர். ஜோர்ஜ் பெல்டம் எடுத்த அப்படம் 1905 இல் அவரும் சி. பி. ஃப்ரையும் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. அது போட்டியிலே எடுத்ததன்று. கமராவுக்காகச் செய்துகாட்டப்பட்ட அடி. துடுப்பாட்ட முறைகளை விளக்கும் நூலில் அதனால் இழுக்கில்லை. நூலிலிருந்து பெயர்த்து, குறிப்பின்றிச் சுவரில் மாட்டியபோதே அது பொய் சொல்லத் தொடங்கியது. குறிப்பில்லாத கோவையிலே எது நிகழ்ந்தது, எது நிகழ்த்தப்பட்டது என்பதை எந்த நடுவராலும் கூறமுடியாது.

இந்நாட்டுத் தமிழருக்கு இது வெறும் கோட்பாட்டு வினாவன்று. 1958 இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தை உயரம் பாய்தலிலே ஈட்டித் தந்தவர் யாழ்ப்பாணத்தவரான நா. எதிர்வீரசிங்கம். அத்தகையோர் ஓடியும் பாய்ந்தும் வளர்ந்த மைதானங்களின் நினைவு பழைய பத்திரிகைகளிலும் மலர்களிலும் வீட்டு அலுமாரிகளிலுமே தங்கியிருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது; அடுத்து வந்த ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் அலுமாரிகளும் கைவிடப்பட்டன. தப்பிய படங்கள் பலவற்றின் பின்புறம் வெறுமையாகவே உள்ளது. அணியாக நிற்கும் பதினொருவரின் முகங்கள் கூர்மையாகத் தெரிகின்றன. பெயர்கள் இல்லை, ஆண்டு இல்லை, இடம் இல்லை. கூர்மைக்குப் புள்ளி வழங்கும் நடுவர் இவற்றுக்கும் நிறையவே வழங்குவார்.

இவ்வளவையும் பார்க்க நடுவர்களுக்கு நேரமில்லை என்பது வழமையான மறுமொழி. நேரமில்லையெனின் இருபது படங்களைக் கேளாது எட்டைக் கேட்கலாம். அந்த எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டாது மேசையிலே ஒருங்கே பரப்பிவைக்கலாம். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் எழுதப்படாத கோவையை, அதிலுள்ள தாவல் எத்துணை உயரமாயினும், ஏற்றுக்கொள்ளாது திருப்பியனுப்பலாம்.