தராசு நேராகட்டும்

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று காலையில்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளியாகியிருந்தன. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூடிநின்றோரிடையே அதுவே பேச்சாக இருந்தது. ஒரகடத்துத் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரியும் சகோதரர் ஒருவர் தமது கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "பாருங்கள் ஹஜ்ரத்! தனியார் பள்ளிக்கூடங்கள் 97.43 விழுக்காடு, அரசுப் பள்ளிக்கூடங்கள் 87.90. இதற்குப் பிறகும் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று எங்களுக்குச் சொல்வீர்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். முற்றத்தில் நின்று தரக்கூடிய விடையன்று அது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

அவர் காட்டிய எண்கள் மெய்யானவை. அவ்வெண்களிலிருந்து அவர் கண்ட முடிவோ பிழையானது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களுள் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை மட்டுமே சொல்லும். எழுதியவர்கள் யார், எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள், எழுதவேண்டியவர்களுள் எத்தனை பேர் இடைவழியில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதை அது சொல்வதில்லை.

தனியார் பள்ளிக்கூடங்கள் அனைத்தையும் நாம் பழிக்கவில்லை. அவற்றுள்ளும் அறம் பேணுவோர் உளர். ஆயினும் கட்டணம் என்பதே ஒரு சல்லடை. அதற்கடுத்தது சேர்க்கையின்போது நடக்கும் சோதனை. மூன்றாவது சல்லடை ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. தடுமாறும் பிள்ளையின் தந்தையை அழைத்து, "வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பிய கதையைக் கேட்டறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அப்பிள்ளை எங்கே போகும்? அரசுப் பள்ளிக்கூடத்திற்கே போகும். அங்கே அது தோற்றால் தோல்வி அரசுப் பள்ளிக்கூடத்தின் கணக்கில் ஏறும். வெளியேற்றியவரோ "நூற்றுக்கு நூறு" என்று நெடுஞ்சாலையோரத்தில் பலகை நாட்டுவார்.

திருமறையின் 83ஆம் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு பிறருக்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்போரை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை தானிய வணிகருக்கு மட்டும் உரியது என்று எண்ணலாகாது. பிள்ளைகளை அளப்பதும் அளவையே. தேர்ந்தெடுத்த பிள்ளைகளை ஒரு தட்டிலும் கழித்துவிட்ட பிள்ளைகளை மறு தட்டிலும் வைத்து நிறுத்துவிட்டு, "இந்தத் தட்டு தாழ்ந்தது, அந்தத் தட்டு உயர்ந்தது" என்று தீர்ப்புச் சொல்வது எவ்வகை நியாயம்?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள இத்தொழில் வழித்தடத்தைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. நெல் விளைந்த நிலம் ஆலையாயிற்று. பொறியாளர்களும் அதிகாரிகளும் சென்னையிலிருந்து நிறுவனப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்தம் பிள்ளைகள் பயில்வதும் சென்னையிலேயே. நிலையான ஊதியம் பெறும் உள்ளூரார் தம் மக்களை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடங்களின் மஞ்சள் வண்டிகளில் ஏற்றிவிடுகிறார்கள். அரசு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தின் பெஞ்சில் எஞ்சியிருப்போர் யார்? நிலம் போனபின் கூலிக்குச் செல்வோரின் மக்கள்; ஒப்பந்தத் தொழிலாளரின் மக்கள்; காவலாளியின் மகன்; துப்புரவுப் பணிப்பெண்ணின் மகள்; கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து, ஆண்டின் நடுவே தமிழ் எழுத்தே அறியாமல் வகுப்பில் வந்தமரும் சிறுவர்கள்.

இவர்களையெல்லாம் அரசுப் பள்ளிக்கூடம் வாங்கிக்கொள்கிறது. 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. அச்சட்டத்தின் பாரத்தை நாள்தோறும் சுமப்பது அரசுப் பள்ளிக்கூடமே. ஆலை மூடப்பட்டால் தொழிலாளியின் பிள்ளைக்கு அடைக்கலம் எது? நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் தமிழகமெங்கும் இலட்சக்கணக்கில் அரசுப் பள்ளிக்கூடங்களை நாடி வந்தார்கள். அன்று நம்முள் எவரேனும் விழுக்காடு கேட்டோமா?

இனி நம் சமுதாயத்தை நோக்கி ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைதோறும் நம் ஸஃப்பில், நம் தோளோடு தோள் சேர்த்து, பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிற்கிறார்கள். ஸலாம் சொல்கிறோம், பதில் பெறுகிறோம். குடும்பத்தோடு வந்திருப்பவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அப்பிள்ளை அரசுப் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சில் மொழி புரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறது. அல்லது தகரக் கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொழுகையில் ஒரே வரிசை, கல்வியில் மட்டும் தனித்தனி வரிசையா?

மற்றொன்று. தமிழக முஸ்லிம்களுக்கு 2007இல் மூன்றரை விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக நாம் மேடைதோறும் முழங்கினோம், முழங்கியதும் முறையே. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கூடத்தில் பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது; 2021இல் அது பொறியியலுக்கும் விரிந்தது. உயர்கல்விக்குச் செல்லும் பெண்மக்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024இல் ஆண்மக்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் நம் நடுத்தரக் குடும்பங்கள், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைத் தனியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அந்த ஏழரைக்குரிய தகுதியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தன. மூன்றரைக்குக் குரல் கொடுத்தோம். ஏழரையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"அப்படியானால் அரசுப் பள்ளிக்கூடத்தில் குறையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல் மாதங்கள் கழியும் இடங்கள் உண்டு. வெளிமாநிலப் பிள்ளைக்குத் தமிழின் அடிப்படையை முதலில் கற்பித்து, பின்னர் பாடத்திற்குள் அழைத்துச் செல்லும் ஏற்பாடு போதாது. ஆண்பிள்ளைகளின் நிலை தனிக் கவலைக்குரியது. அதே 2024ஆம் ஆண்டுத் தேர்வில் மாநிலம் முழுவதிலும் மாணவியர் 94.53 விழுக்காடு தேறினர், மாணவர் 88.58 மட்டுமே. பதினாறு வயதில் ஒப்பந்தக்காரரின் வேன் வாசலில் வந்து நிற்கும்போது புத்தகம் தோற்றுவிடுகிறது. இக்குறைகளைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுகிறவர் உள்ளே நின்று பேசவேண்டும். பிள்ளையை வெளியே அழைத்துக்கொண்டு போனவரின் குறைகூறலுக்குத் தலைமையாசிரியர் ஏன் செவிசாய்க்க வேண்டும்? படித்த பெற்றோரும் பேசத் தெரிந்த பெற்றோரும் விலகிப்போன பிறகு அங்கே எஞ்சியிருப்பது கேட்கத் தெரியாதவரின் மௌனம். அந்த மௌனத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு.

எனவே ஜமாஅத்துகளுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: மஹல்லாவிலுள்ள பிள்ளைகளின் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். யார் எந்த வகுப்பில் படிக்கிறார், யார் நின்றுவிட்டார் என்பது நமக்குத் தெரியவேண்டும். வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் அப்பதிவேட்டில் இடம்பெற வேண்டும். சந்தாக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரிந்த நமக்கு இது கடினமன்று.

இரண்டு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்களும் தந்தைமார்களும் அதில் அமரட்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அங்கே எழுத்தில் கேட்கட்டும். "இவ்வாண்டு எத்தனை பேர் தேறினர்?" என்பதோடு நில்லாமல், "ஆறாம் வகுப்பில் சேர்ந்தவருள் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை எட்டினர்?" என்றும் கேட்கட்டும். பள்ளிக்கூடத்தை நிறுக்கும் நேரான தராசு அதுவே. தனியாரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

மூன்று: மஃக்ரிபுக்குப் பின் மதரஸாவின் விளக்கு எரிகிறது. அதில் ஒரு மணி நேரத்தைக் கணக்குக்கும் தமிழ் வாசிப்புக்கும் ஒதுக்குங்கள். எம்மதத்துப் பிள்ளை வந்தாலும் பாய் விரியுங்கள். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தாருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மதீனத்துச் சிறார்க்கு எழுத்தறிவித்தால் அதுவே மீட்புப் பணம் என்று நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றுக்கொண்டதை நாமே மேடைகளில் சொல்கிறோம். பகைவரிடமிருந்தும் எழுத்தைப் பெற்றுக்கொண்ட சமுதாயம், அடுத்த தெருவிலுள்ள அரசுப் பள்ளிக்கூடத்தைத் தீண்டத்தகாததாக நடத்தலாமா?

அன்று கைப்பேசியை நீட்டிய சகோதரரிடம் இறுதியாக ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் உரிமை. அதில் நாம் குறுக்கிடவில்லை. ஆனால் யாரும் வேண்டாமென்ற பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு, நூற்றில் எண்பத்தேழு பேருக்கு மேல் கரையேற்றிய ஆசிரியரைப் பார்த்து ஏளனம் செய்யாதீர்கள். கரையேறாமல் போன பன்னிருவரின் பெயர்களைக் கேட்டறியுங்கள். அவர்களுள் ஒருவன் அடுத்த வெள்ளியன்று உங்கள் பக்கத்திலேயே தொழ நிற்கக்கூடும்.