லோரியில் ஏறாத சாமான்

போன வாரம் இரண்டு நாள் விடுப்பில் நிபோங் திபாலுக்குப் போயிருந்தேன். அம்மா வீட்டு ஐஸ்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா. இனிப்புநீர் உள்ள நம் வீடுகள் பலவற்றில் இதே காட்சிதான்.

மாலையில் எதிர்வீட்டு அண்ணனும் அக்காவும் மகளோடு வந்தார்கள். அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எஸ்.டி.பி.எம். முடித்த மகள், உயிரணு ஆராய்ச்சி படிக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம்.

“நீ ரேடியோவுல நாலு பேருக்கு நல்லது சொல்றவ. இவளுக்கும் சொல்லும்மா. நர்சிங் படிச்சாலும் ஒரு வேலை இருக்கு. அணுவுக்குள்ள என்ன போகுது, என்ன வருதுன்னு பார்த்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றார் அக்கா. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் படித்தது ஊடகவியல். ஆனாலும் ஒரு நிகழ்ச்சிக்காக இந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தேன். ஐஸ்பெட்டியிலிருந்து அம்மாவின் பேனாவை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

நம் கணையத்தில் உருவாகும் இன்சுலின், உருவான இடத்திலேயே ரத்தத்தில் கலப்பதில்லை. உயிரணுவுக்குள் ஒரு கூடத்தில் தயாராகி, இன்னொரு கூடத்தில் சரிசெய்யப்பட்டு, சிறு பைகளில் அடைபட்டுக் காத்திருக்கிறது. சர்க்கரை ஏறும்போது பை வெளிச்சுவரோடு ஒட்டித் திறக்கிறது. கணையத்தின் இன்னொரு வகை உயிரணுக்களில் இந்தப் பாதையைப் படிப்படியாகக் காட்டியவர் ஜார்ஜ் பலாடே. அதற்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. பைகள் எப்படிச் சரியான இடத்துக்குப் போய்ச் சேருகின்றன என்று கண்டறிந்த ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் கிடைத்தது. ஷெக்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது வெறும் ஈஸ்ட்டை. இன்று சில வகை இன்சுலின் ஈஸ்ட் உயிரணுக்கள் வழியாகத்தான் தயாராகிறது.

“அக்கா, பிரயோஜனம் இந்தப் பேனாவுக்குள்ளேயே இருக்கு” என்றேன்.

அண்ணன் அதுவரை பேசவில்லை. “நம்ம ஆளுங்க யாராச்சும் இதுல இருக்காங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறார். விவேக் மல்ஹோத்ரா, இந்திய வம்சாவளி விஞ்ஞானி. இளம் வயதில் ராத்மனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1988, 1989இல் வெளிவந்த, அந்தப் பைகளைப் பற்றிய முக்கியமான ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு சான் டியேகோ, இப்போது பார்சிலோனா. அவரை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. அதை அண்ணனிடமே கேட்டேன்.

“பைக்கு அகலம் 60லிருந்து 90 நானோமீட்டர். தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜென் 300 நானோமீட்டர் நீளம், வளையாத கம்பி மாதிரி. எப்படி ஏத்துவீங்க?”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பின் பலகையைத் திறந்து நீட்டிக் கட்டணும். இல்லேன்னா லோரியை நீட்டணும்.”

கிட்டத்தட்ட அதேதான். பழ ஈயின் உயிரணுக்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது மல்ஹோத்ராவின் குழு. 2006இல் டாங்கோ1 என்ற புரதம் அகப்பட்டது. 2009இல் அதன் வேலை புரிந்தது. அது சுவரின் உள்பக்கம் கொலாஜெனைப் பிடித்துக்கொள்கிறது, வெளிப்பக்கம் பை கட்டும் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. சரக்கு நுழையும்வரை வாய் மூடாமல் பார்த்துக்கொண்டு, கூடுதல் சவ்வையும் வரவழைக்கிறது. கொலாஜென் அளவுக்கு மீறி வெளியேறினால் தோலில் தழும்பு தடிக்கும், ஈரலும் நுரையீரலும் இறுகும். அதை டாங்கோ1 வழியாகக் கட்டுப்படுத்த முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

முதல் கட்டுரையிலிருந்து அந்தப் பதிலுக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள். இதையும் மறைக்காமல் சொன்னேன். ஆராய்ச்சியில் பட்டம் முடிந்த கையோடு நல்ல சம்பளம் வராது. முனைவர் பட்டம்வரை போக வேண்டும், வெளிநாடு போகவும் நேரலாம். உபகாரச் சம்பளத்துக்கு இப்போதே விசாரிக்க வேண்டும். தலையைக் குனிந்திருந்த பெண் என்னை நேராகப் பார்த்து, “தெரியும்கா. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்” என்றாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு, எத்தனை வருடம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

“இதை ஏன் எங்ககிட்ட காட்டல?” என்றார் அக்கா.

“நீங்க கேக்கவே இல்லையேம்மா.”

அக்கா சரி என்று சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அண்ணன் மகளிடம், “அந்தக் கம்பி உள்ள போனதும் வாயை யாரு மூடுறா?” என்று கேட்டார். இருவரும் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள்.

முடிவுகள் வரும் காலம் இது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் நீங்கள் கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், நோட்டுப் புத்தகம் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.