எந்தக் கேள்விக்கு இந்த 43.5?

உலகத்திலேயே சகிப்புத்தன்மை குறைந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நான் சொல்லவில்லை சார். 2013 மே மாதம் 'வாஷிங்டன் போஸ்ட்' இணையத்தில் வெளியிட்ட உலக வரைபடம் சொன்னது. 'வேறு இனத்தவர் பக்கத்து வீட்டில் இருப்பது பிடிக்காது' என்ற இந்தியர்கள் நூற்றுக்கு 43.5. ஹாங்காங்கில் 71.8!

ஹாங்காங் கதை சீக்கிரமே கந்தலானது. மூலத் தகவலிலேயே 'பிடிக்காது' என்றவர்களும் மற்றவர்களும் இடம் மாறிப் பதிவாகியிருந்தார்கள். நிஜ அளவு அதில் பாதிகூட இல்லை. திருத்தம் போட்டார்கள். அதற்குள் வரைபடம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. திருத்தத்தை யார் படித்தார்கள்?

போகட்டும், அது பதிவுப் பிழை. என் கோபம் வேறு. ஆங்கிலக் கேள்வியில் இருந்த சொல் 'ரேஸ்'. அமெரிக்கர் காதில் அது கறுப்பர், வெள்ளையர் என்று விழும். 'வேற இனத்துக்காரங்க பக்கத்துல குடியிருக்கலாமா?' என்று உங்களைத் தமிழில் கேட்டால்? ஒருவர் சாதியை நினைப்பார், ஒருவர் மதத்தை நினைப்பார், இன்னொருவர் வடநாட்டுக்காரரை. நமக்கு வெறுப்பே கிடையாது என்று வக்காலத்து வாங்க வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்பவர்கள்தானே நாம்! ஆனால் அந்த வெறுப்பையும் அமெரிக்க நிறவெறியையும் ஒரே பட்டியலில் போட்டு 'ரேங்க்' கொடுப்பது என்ன நியாயம்?

இந்தப் புள்ளிவிவரங்கள் வந்தது 1981-ல் தொடங்கிய 'உலக மதிப்பீடுகள் சர்வே'யிலிருந்து. இப்படிப் பல நாட்டு சர்வேக்களைச் சேர்த்துத்தான் அரசியல் ஆய்வாளர்கள் ஜனநாயகத்தைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் எழுதுகிறார்கள். சேர்ப்பது தப்பே இல்லை. சேர்க்கிற லட்சணம்தான் தப்பு.

நான் பி.காம். ஆசாமி. தாய்க் கம்பெனியும் துணைக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரே பேலன்ஸ் ஷீட் போடும்போது, ஆளுக்கொரு முறையில் தேய்மானம் கணக்கிட்டிருந்தால் அப்படியே கூட்ட விடமாட்டார்கள். ஒரே முறைக்குக் கொண்டுவா, முடியாவிட்டால் குறிப்பில் சொல்லு என்பார்கள். சர்வேக்களிலோ, 'பாராளுமன்றத்தை நம்புகிறீர்களா?' என்பதற்கு ஒன்றில் நாலு பதில். ஐரோப்பிய சமூக சர்வேயில் 0 முதல் 10 வரை மார்க். யூரோபாரோமீட்டரில் நம்பலாம், நம்ப முடியாது, அவ்வளவுதான். இதையெல்லாம் எப்படிய்யா கூட்டுவீர்கள்?

மொழி, மார்க் இரண்டையும் சரி செய்தாலும் மனசு இருக்கிறதே! ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங்கும் சகாக்களும் 2004-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று. 'உங்கள் பிரச்னையை அரசாங்கம் கவனிக்க வைப்பதில் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு?' என்று கேட்டால், மெக்ஸிகோக்காரர்களைவிடச் சீனர்கள் அதிகம் என்றார்களாம். மெக்ஸிகோவில் 71 வருடம் ஆண்ட கட்சியை 2000-ல் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சீனாவில் ஆளுங்கட்சியை மாற்ற ஓட்டே கிடையாது!

பிறகு ஒரு கற்பனை மனிதரைக் காட்டினார்கள். அவருக்கு நல்ல குடிநீர் இல்லை, ஓட்டு இல்லை, அரசாங்கத்தில் கேட்க நாதியில்லை, மௌனமாகக் கஷ்டப்படுகிறார். இவருக்கு எவ்வளவு செல்வாக்கு? கேட்கப்பட்ட சீனர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த மனிதருக்குத் தங்களைவிட அதிக மார்க் போட்டார்கள். 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்கு இரண்டு நாட்டில் இரண்டு எடை. கற்பனை மனிதரை எடைக்கல்லாக வைத்து நிறுத்ததும் தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது.

ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. போலந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 142 நாடுகளின் 1,721 சர்வேக்களை ஒன்றாக்கினார்கள். எந்தச் சர்வேயில் எத்தனை மார்க் அளவு, எதில் ஆவணம் சரியில்லை என்பதையும் கூடவே பதிந்தார்கள். ஒரே பதில்தாள் வரிக்கு வரி திரும்ப வந்திருப்பதைத் தேடி, 162 சர்வேக்களில் 5,893 நகல்களைப் பிடித்தார்கள்! பட்டியல் போட்டுப் பரபரப்பு செய்பவர்களுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா?

பத்திரிகைக்காரர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். அடுத்த முறை 'உலக அளவில் இந்தியா எத்தனையாவது இடம்?' என்று போடும்போது, நம் ஊரில் எந்த மொழியில், எந்த வார்த்தையில் கேட்டார்கள் என்பதையும் அச்சடியுங்கள். இடம் போதாதா? வரைபடத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள்.