வெளியே உட்கார்ந்தால் மானம் போய்விடுமா?

நல்ல கபடி ஆட்டக்காரன் என்றால் கடைசி விசில் வரை களத்தில் நிற்க வேண்டும், எக்ஸ்ட்ராவாக உட்காருபவன் லாயக்கில்லாதவன் என்று நம் கரிசல் பக்கம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரப் போட்டிகளில் முன்னணி ரெய்டரைக் கொஞ்சம் மூச்சு வாங்க அழைத்துப் பாருங்கள். "அவன எதுக்குப்பா வெளிய எடுத்த?" என்று கயிற்றுக்கு அந்தப்புறமிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்குப் பயந்தே பல செட்டுகள் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆட்டத்தைக் கோட்டை விடுகின்றன.

விதி நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 12 பேர் அணியில் 7 பேர் களத்தில், 5 பேர் வெளியே. டைம் அவுட்டிலோ இடைவேளையிலோ மாற்றலாம். மாற்றியவனைத் திரும்பவும் இறக்கலாம். இவ்வளவு இருந்தும், யாருக்காவது கால் பிசகினால்தான் எக்ஸ்ட்ராவின் பெயரே நினைவுக்கு வருகிறது.

"அவுட்டாகி உட்காரும்போதே ஓய்வு கிடைக்கிறதே" என்பார்கள். யாருக்குக் கிடைக்கிறது? சொதப்புகிறவனுக்கு. அவுட்டே ஆகாத நல்ல கார்னர்காரன் 20 நிமிடமும் குனிந்தபடியே நிற்கிறான். எவன் அதிகம் உழைக்கிறானோ அவனுக்கே ஓய்வு குறைவு. தொடை கடுத்துப்போனவன் கணுக்காலைப் பிடிக்க அரை நொடி முந்திப் பாய்வான். ரெய்டர் துள்ளிக்கொண்டு கோட்டுக்குப் போய்விடுவான். உடனே "அவசரக் குடுக்கை" என்று திட்டுகிறோம். அது அவசரமில்லை, அசதி.

இதற்கு வேறு ஆட்டத்தில் வழி இருக்கிறது. ரக்பி லீக்கில் முன்வரிசை ஆட்கள் மோதிமோதியே களைப்பவர்கள். அவர்களை இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே எடுத்துப் பிறகு மறுபடி இறக்கும் சுழற்சி முறை அங்கே சாதாரணம். ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் 2016-இல் இந்த மாற்றங்களின் வரம்பை 10-லிருந்து 8 ஆகக் குறைத்தது. அதற்குப் பின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணித்தான் செலவழிக்கிறார்கள். வெளியே வருகிறவனுக்கு அங்கே முகம் சுண்டுவதில்லை.

ஒரே ஆளை நம்புவதன் ஆபத்துக்கு புரோ கபடி அணியான தமிழ் தலைவாஸே சாட்சி. 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியேறினார். அணி படுத்துவிடவில்லை. புரோ கபடிக்குப் புதியவரான நரேந்தர் அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. இது சுழற்சி முறைக்கு நேரடி உதாரணமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆள் தயாராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ஊர்ப் போட்டிகளுக்கு இந்தச் சுழற்சி இன்னும் அவசியம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பையன்கள், ஒரே இரவில் அடுத்தடுத்து நாக்-அவுட் ஆடுகிறார்கள். முதல் சுற்றில் 15 புள்ளி முன்னிலை இருக்கும்போதும் நட்சத்திர ஆட்டக்காரனை இறக்கியே வைத்திருப்பது வீரமல்ல, கணக்குத் தெரியாத தலைமை. செட்டு மேனேஜர்களே, யார் எந்த நேரத்தில் வெளியே வருவார், யார் உள்ளே போவார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். கயிற்றுக்கு அந்தப்புறம் கத்துபவர் கத்தட்டும், அவர் ஆடப்போவதில்லை.