95 வீதமும் சகுனியின் பகடையும்

தோற்றவன் நடுவரைத் திட்டுவது புதிய செய்தியல்ல. தோற்றவனின் கூச்சலுக்கு அஞ்சி நடுவரே இரகசியமாகப் புள்ளிகளைத் திருத்தத் தொடங்கினால், அது செய்தி. கணினி விளையாட்டு உலகில் இந்தத் திருத்தம் நீண்ட காலமாக நடந்து வருகிறது. விளையாடுகிறவர்களே அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

2016 பெப்ரவரி 5 ஆம் திகதி அமெரிக்காவின் பிராக்ஸிஸ் நிறுவனம் ‘எக்ஸ்கொம் 2’ என்ற விளையாட்டை வெளியிட்டது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களில் ஒரு சாராரோ, சில நாட்களுக்குள்ளேயே மூன்று குற்றப்பத்திரிகைகளோடு புறப்பட்டுவிட்டார்கள். விளையாட்டுத் தள்ளாடுகிறது என்பது ஒன்று. ஆறுதலாக ஆட அவகாசம் தரப்படவில்லை என்பது இரண்டு. திரையில் காட்டப்படும் வீதங்கள் பொய் என்பது மூன்று. முதலாவது நியாயம். இரண்டாவது விவாதத்துக்குரியது. மூன்றாவது அபாண்டம். ஆனால் இந்த வகை விளையாட்டுகளில் ஆழமான தடத்தைப் பதித்திருப்பது அந்த அபாண்டம்தான்.

அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இது சதுரங்கத்தைப் போன்றது. நீங்கள் ஒரு சுற்று, எதிரி ஒரு சுற்று என்று மாறி மாறி நகர்த்த வேண்டும். 1994 இல் ஜூலியன் கொலொப் வடிவமைத்த விளையாட்டுத்தான் இதன் மூலவேர். 2012 இல் பிராக்ஸிஸ் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. இரண்டாம் பாகத்தின் கதைப்படி மனிதர்கள் முன்னரே தோற்றுவிட்டார்கள். வேற்றுக்கிரகவாசிகள் 20 வருடங்களாகப் பூமியை ஆள்கிறார்கள். மறைந்திருந்து போராடும் ஒரு சிறு படைக்கு நீங்கள் தளபதி. ஒரு களத்துக்கு நான்கு முதல் ஆறு வீரர்களைத்தான் அனுப்ப முடியும். சதுரங்கத்தில் காயை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னர் திரையில் ஓர் எண் தோன்றும். 45 வீதம், 70 வீதம், 95 வீதம். குண்டு இலக்கைத் தாக்குவதற்கான வாய்ப்பு அது. தவறினால் எதிரி திருப்பிச் சுடுவான். இறந்த வீரர் மீண்டு வருவதில்லை. நீங்களே பெயர் சூட்டி, மணித்தியாலக் கணக்கில் வளர்த்தெடுத்த ஒருவர் ஒரு கணத்தில் இல்லாமற் போய்விடுவார். இந்த இழப்பின் கனம்தான் விளையாட்டின் உயிர். கோபத்தின் ஊற்றும் அதுவே.

முதலாவது குற்றச்சாட்டில் எனக்கு மறுப்பில்லை. நல்ல கணினி வைத்திருந்தவர்களுக்கும் காட்சி விக்கி விக்கி நகர்ந்தது. ஒரு களம் முடிந்து அடுத்த திரை வருவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம் என்ற நிலை. ‘கப்ஸ் லொக்’ விசையை அழுத்தினால் அந்தக் காத்திருப்புக் குறைகிறது என்பதை விளையாடியவர்களே தற்செயலாகக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். திருத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஓட்டைப் பானையை முழு விலைக்கு விற்றவனிடம் வாங்கியவன் சண்டைக்குப் போவதில் என்ன பிழை? அது நுகர்வோரின் உரிமை.

இரண்டாவது, காலக்கெடு. பல களங்களில் எட்டுச் சுற்று அளவில் வேலையை முடித்தாக வேண்டும். 2012 விளையாட்டில் பலர் கண்டுபிடித்திருந்த வெற்றிச் சூத்திரம் இதுதான்: ஒரு அடி நகர், மறைந்துகொள், துப்பாக்கியை நீட்டியபடி எதிரி வரும்வரை காத்திரு, மீண்டும் ஒரு அடி நகர். பாதுகாப்பான வழி, ஆனால் சலிப்பூட்டும் வழி. அந்த ஆமை நடையை உடைக்கவே வடிவமைப்பாளர்கள் கெடு விதித்தார்கள். “என் விருப்பப்படி ஆட விடு” என்று ஒரு சாரார் பொங்கினார்கள். கெடுவை நீக்கும் மாற்று நிரல்களை ஆர்வலர்கள் உடனடியாகவே எழுதி இலவசமாகப் பகிர்ந்தார்கள். தன் வீட்டில் தன் விளையாட்டைத் தான் விரும்பியபடி ஆடுவது அவரவர் உரிமை. அதனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கெடுவே ஓர் அநீதி என்று சொன்னார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. மறைந்திருந்து தாக்கும் சிறு படைக்கு நேரம் எப்போது தாராளமாகக் கிடைத்தது? எதிரியின் உதவிப் படை வந்து சேருவதற்குள் முடித்துக்கொண்டு ஓடுவதுதானே அதன் போர்முறை? 2017 இல் வந்த விரிவாக்கத்தில், கெடுவை நீட்டிக்கும் தெரிவு ஆட்டத் தொடக்கத்திலேயே வெளிப்படையாக வைக்கப்பட்டது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவருக்கு எதனை எடுத்தோம் என்று தெரியும். நேர்மையான தீர்வு என்றால் இதுதான். இந்த ‘வெளிப்படை’ என்ற சொல்லை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது விவகாரத்தில் இல்லாமற் போனது அதுதான்.

95 வீதம் என்று திரை சொன்னது. சுட்டேன். தவறியது. ஆகவே விளையாட்டு ஏமாற்றுகிறது! வெளியான நாள் முதலாகக் கேட்ட புலம்பல் இது. எதிரியை முட்டும் தூரத்தில் நின்றபடி ஒரு வீரர் வானத்தைச் சுடும் படங்கள் உலகெங்கும் நகைச்சுவையாகச் சுற்றின. சிரிப்பில் தவறில்லை. சிரித்தவர்களில் பலர் உண்மையாகவே நம்பியதுதான் தவறு.

கணக்கைப் பாருங்கள். 95 வீதம் என்றால் இருபதில் ஒன்று தவறும் என்று பொருள். அத்தகைய இருபது சூடுகளில் ஒன்றேனும் தவறுவதற்கான வாய்ப்பு 64 வீதம். ஆக, தவறுவதுதான் இயல்பு. இருபதும் தவறாமற் பட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். நான்கு வீரர்களும் ஆளுக்கு 80 வீத வாய்ப்போடு சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தவறாமல் இலக்கை அடிக்கும் வாய்ப்பு 41 வீதம் மட்டுமே. நால்வரையும் நம்பித் திட்டம் போட்ட தளபதி பத்தில் ஆறு தடவை மண் கவ்வுவான். க.பொ.த. உயர்தரத்தில் நிகழ்தகவு படித்த எந்தப் பிள்ளையும் இதனைக் கடதாசியில் போட்டுக் காட்டும். ஆனால் அதே பிள்ளை விசைப்பலகையின் முன் அமர்ந்ததும் 95 ஐ 100 என்று வாசிக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தவறிய சூட்டை அழித்துவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடினால், அதே நகர்வுக்கு அதே முடிவே வரும்படி இந்த விளையாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. மீண்டும் மீண்டும் பகடை உருட்டி வேண்டிய எண்ணைப் பெறுவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. அதனையும் சதிக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை, கணினிக்குள்ளும் தப்பவில்லை.

கூடம் உண்மையில் கோணலாகத்தான் இருக்கிறது என்பதுதான் இதன் உச்சம். ஆனால் அது ஆடுகிறவருக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கிறது. ‘எக்ஸ்கொம் 2’ இன் எளிய நிலைகளில் திரையில் காட்டப்படும் வீதம் ஒன்று, உள்ளே கணிக்கப்படும் வீதம் இன்னொன்று. தொடர்ந்து தவறினால் அடுத்த சூட்டின் வாய்ப்பு சத்தமில்லாமல் உயரும். மிகக் கடினமான நிலையில் மட்டும் இந்தக் கருணை கிடையாது. தலைமை வடிவமைப்பாளர் ஜேக் சொலமனே இதனைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு ஏமாற்றுகிறது என்று கத்தியவர்களில் பலர், அவர்களுக்காகவே ஏமாற்றும் விளையாட்டில் தோற்றுவிட்டுத்தான் கத்தினார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதே நிறுவனத்தின் தாபகர்களில் ஒருவரான சிட் மெயர், 2010 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில் அதனை விளக்கினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போரிட்டவர்கள் தோற்றபோது, இது எப்படி நடக்கலாம் என்று கேட்டார்களாம். ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தோடு போரிட்டு வென்றபோது அந்தக் கேள்வி எழவேயில்லையாம். ஆகவே கணக்கையே மாற்றி, பலமான நிலையில் அடுத்தடுத்துத் தோற்காதபடி செய்தார்களாம். யப்பானின் ‘ஃபயர் எம்பிளெம்’ வரிசை 2002 இலேயே இந்த வழிக்குப் போய்விட்டது. ஒரு எழுமாற்று எண்ணுக்குப் பதிலாக இரண்டின் சராசரியை எடுத்தார்கள். விளைவு, திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் ஏறத்தாழ 98. திரையில் 10 என்றால் உண்மையில் ஏறத்தாழ 2. திரையைப் பார்த்தவர்கள் இது எவ்வளவு நியாயமான விளையாட்டு என்று மகிழ்ந்தார்கள்.

சகுனியின் பகடையை நாம் அறிவோம். அந்தப் பகடையில் உருண்டது சூதல்ல, வஞ்சகம் என்று கூத்து மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே பகடை தருமனின் கையில் இருந்து, அவனறியாமல் அவனுக்காக உருண்டிருந்தால்? அப்போது அது வஞ்சகமாகாது, நல்ல வடிவமைப்பாகிவிடும் போலும்!

“ஐயா, இது விளையாட்டுத்தானே, மகிழ்ச்சிக்காகத்தானே” என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. களைத்து வீடு திரும்பிய ஒருவருக்கு இலகுவான ஆட்டம் தேவைப்படுவதை நான் மறுக்கவில்லை. உதவி வேண்டுமா, கொடுங்கள். வீதத்தை உயர்த்த வேண்டுமா, உயர்த்துங்கள். ஆனால் உயர்த்திய வீதத்தைத் திரையில் எழுதுங்கள். 98 ஐக் கொடுத்துவிட்டு 90 என்று ஏன் சொல்ல வேண்டும்? ஏனென்றால், அந்த வெற்றி தன் சாமர்த்தியத்தால் வந்தது என்று ஆடுகிறவர் நம்ப வேண்டும். அவர் விலை கொடுத்து வாங்குவது அந்த நம்பிக்கையைத்தான். இதனை மகிழ்ச்சி என்று சொல்லாதீர்கள். முகத்துதி என்று சொல்லுங்கள்.

முகத்துதியின் விலை விளையாட்டோடு முடிவதில்லை. திரையில் 90 ஐப் பார்த்து, நூற்றில் இரண்டு தடவை மட்டும் தவறக் கண்டு பழகிய மனம், உண்மையான 90 ஐச் சந்திக்கும்போது அதனைத்தான் பொய் என்று சொல்லும். அதே 2016 இல், நவம்பர் 8 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ‘ஃபைவ்தேர்ட்டிஎயிட்’ என்ற கணிப்புத் தளம் டொனால்ட் டிரம்பின் வெற்றிக்கு ஏறத்தாழ 29 வீத வாய்ப்புக் கொடுத்திருந்தது. பத்தில் மூன்று. அவர் வென்றார். கணிப்புப் பொய்த்தது என்று உலகமே எழுதியது. பத்தில் மூன்று என்பது தினமும் நடக்கிற காரியம் என்று சொன்னவர்களின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது. விளையாட்டால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. மனிதனின் பழைய குறைபாடு இது. அந்தக் குறைபாட்டை நேர்படுத்தக்கூடிய அருமையான கருவி, தோல்வியின் மூலம் நிகழ்தகவைக் கற்றுத்தரக்கூடிய ஒரு விளையாட்டு, கைக்கு வந்த பின்னர் அதனையும் குறைபாட்டுக்கே பணிவிடை செய்ய வைத்துவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பத்திரிகைக்காரன் எண்களைப் பற்றி இவ்வளவு கோபப்படுவானேன் என்று கேட்கலாம். போர்க்காலத்தில் செய்தி அறைகளில் இருந்தவர்களுக்கு அந்தக் காரணம் தெரியும். இழப்பு விபரம் இரு பக்கத்திலிருந்தும் வரும். தம் இழப்புச் சுருங்கியும் எதிரியின் இழப்புப் பெருகியும் இருக்கும். வாசகர்கள் விரும்பியதும் அதைத்தான். கசப்பான எண்ணை அச்சிட்டால் பத்திரிகையே துரோகி. இனிப்பான எண்ணை அச்சிட்டால் அன்றைய பிரதிகள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இனிப்பான எண்களை வாசித்தே பழகிய சமூகம், உண்மையான எண் ஒரு நாள் வாசலில் வந்து நின்றபோது எப்படி நிலைகுலைந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டும் போரும் ஒன்றல்ல. ஆனால் கேட்பவன் மனம் நோகாதபடி எண்ணைத் திருத்தும் கை ஒன்றுதான்.

அப்படியானால் விளையாடுகிறவர்களின் குரலைக் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். 1994 விளையாட்டில் நடந்ததை நினைவூட்டுகிறேன். மிகக் கடினமான நிலையைத் தெரிவு செய்தாலும், முதற் களத்துக்குப் பின்னர் அது தானாகவே மிக இலகுவான நிலைக்கு இறங்கிவிடும் ஒரு நிரற்பிழை அதில் இருந்தது. ஒருவரும் அறியவில்லை. கடினநிலை போதவில்லை என்று தேர்ந்தவர்கள் முறையிட்டார்கள். பிழையை அறியாத தயாரிப்பாளர்கள், 1995 இல் வந்த அடுத்த பாகத்தை மிகக் கொடூரமாக்கிவிட்டார்கள். நோயாளி சொல்லும் வலி உண்மை. அவர் கேட்கும் மருந்து சரியானதாக இருக்க வேண்டியதில்லை. வலியைக் கேட்டு நோயை ஆராய்வதுதான் வைத்தியன் வேலை.

95 வீதப் புலம்பலுக்கும் அப்படியொரு வைத்தியம் கிடைத்தது. 2018 இல் சப்செற் கேம்ஸ் வெளியிட்ட ‘இன்டூ த பிரீச்’ விளையாட்டில், எதிரி அடுத்து எங்கே தாக்குவான் என்பது முன்கூட்டியே களத்தில் வரைந்து காட்டப்படும். உங்கள் அடி தவறுவதேயில்லை. அதிர்ஷ்டத்துக்கு மிகச் சிறிய இடமே உண்டு, அதன் அளவும் திரையில் தெரியும். அங்கே தோற்றால் பகடையைத் திட்ட முடியாது. அதிர்ஷ்டம் பிடிக்கவில்லையா, அதனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் உள்ளபடி காட்டுங்கள். இரண்டும் நேர்மையான வழிகள்.

வடிவமைப்பாளர்களிடம் நான் கேட்பது ஒரேயொரு வரி. எளிய நிலையைத் தெரிவு செய்யும் இடத்தில், “இந்த நிலையில் உங்களுக்கு உதவுவதற்காக வாய்ப்புகள் உயர்த்தப்படும்” என்று எழுதுங்கள். அதனை எழுதத் தயங்குவீர்களானால், அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை உங்களையே கேட்டுப் பாருங்கள். விளையாடுகிறவர்களிடம் கேட்பது அதனிலும் சிறியது. அடுத்த முறை 95 வீதம் தவறும்போது, நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்னர், அந்த ஒரு சூட்டை நம்பி உங்கள் வீரரை ஏன் வெட்டவெளியில் நிறுத்தினீர்கள் என்று யோசியுங்கள். மீதி ஐந்து வீதம் திரையில் எழுதப்படாமலே இருக்கலாம். அது எப்போதும் அங்கேதான் இருந்தது.